பக்கத்து இருக்கையின் பிரேக்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ஹாஃப் கிளட்ச். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். யார் வந்து சேர்ந்தாலும் முதல் வேலையாக மேம்பாலத்து ஏற்றத்துக்குக் கூட்டிப்போய், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி பின்னால் உருளாதபடி கிளட்சைப் பாதியில் பிடித்து நிற்கச் சொல்வார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். இவர் கண்ணாடியை இறக்கி, போங்க போங்க என்று கையைக் காட்டிவிட்டு மறுபடியும் "ஹாஃப் கிளட்ச்" என்பார். அப்படி நின்று நின்று கிளட்ச் தேய்ந்து வண்டி என் பட்டறைக்கு வரும். நான் மெக்கானிக். பெண்டாட்டியின் தம்பி என்பதால் என்னிடம்தான் வருவார். அதே காரணத்தால் என் பேச்சைக் கேட்கவும் மாட்டார்.

ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே வியர்த்துக் கொட்டுகிற பல் டாக்டரையும், எந்தப் பக்கம் திரும்பினாலும் வைப்பரைப் போட்டுவிடுகிற டீச்சரம்மாவையும் குரலை உயர்த்தாமல் கரை சேர்த்தவர். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் இருக்கும். அதிலிருந்து ஓர் இரும்பு ராடு குறுக்கே போய் ஓட்டுகிறவரின் பெடலோடு சேரும். இங்கே மிதித்தால் அங்கேயும் அமுங்கும். மாமா அதன் மேல் காலை வைத்துக்கொண்டு, சினிமா பார்க்க வந்தவரைப் போலச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

இவ்வளவு பொறுமைசாலிக்குக் கட்டின பெண்டாட்டியிடம் மட்டும் பொறுமை கிடையாது. கல்யாணமான புதிதில் அக்காவுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு நாள் உட்காரவைத்தார். மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளவும் கத்தினார். அக்கா பதிலுக்குக் கத்தினாள். "பயமா இருந்தா எறங்கி நடந்து போ" என்றார். அக்கா நடுரோட்டில் கதவைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கி வீடு வரைக்கும் நடந்தே போனாள். அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் டிரைவர் பக்கத்துக் கதவைத் தொட்டதில்லை. தலைமுறைக்கும் மறக்காத குடும்பம் எங்களுடையது, அதில் அக்கா மூத்தவள் வேறு.

மாமாவின் காலில் ஏதோ கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? யாருமில்லை. நாங்கள் எல்லோரும் பெடலில் கோளாறு என்று நினைத்தோம். ஒரு நாள் வண்டியைக் கொண்டுவந்து, என் பக்கத்து பிரேக் இறுக்கமா இருக்கு, பாரு என்றார். ராடுக்குக் கிரீஸ் வைத்து அனுப்பினேன். சில நாளில் திரும்பி வந்தார். மூட்டுப் புஷ்ஷை மாற்றினேன். மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ராடையே புதிதாகச் செய்து போட்டேன். அதன் பிறகும் வந்து, நீ என்னடா மெக்கானிக் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அவரை இறக்கிவிட்டு நானே அந்த இருக்கையில் உட்கார்ந்து மிதித்தேன். வெண்ணெய் மாதிரி அமுங்கியது.

"மாமா, பெடல் நல்லா இருக்கு. காலைக் காட்டுங்க."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட இளைத்திருந்தது. அதோடு, தோலுக்கு அடியில் தசை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது, உள்ளே புழு நெளிவதைப் போல. வலிக்குதா என்றேன். இல்லை என்றார். கொஞ்ச நாளாகவே செருப்பு காலிலிருந்து நழுவுகிறது, படியில் நுனிக்கால் தட்டுகிறது, செருப்புதான் சரியில்லை என்று இரண்டு ஜோடி மாற்றிவிட்டேன் என்றார். வண்டியில் குற்றம், செருப்பில் குற்றம். உடம்பைத் தவிர எல்லாவற்றையும் பழுதுபார்த்திருந்தோம்.

பிறகு ஆஸ்பத்திரி. ஒன்றில்லை, பல. முதுகெலும்பு என்றார் ஒருவர், சத்துக்குறைவு என்றார் இன்னொருவர். கடைசியாகப் போன இடத்தில் நரம்பு டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். இளைத்த கால்தான், ஆனால் விருட்டென்று உதைத்தது. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். தசையில் ஊசி குத்தி, அதில் ஓடும் கரண்டை இயந்திரத்தில் பார்த்தார். எல்லாம் முடிந்தபின் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து, மோட்டார் நியூரான் நோய் என்றார்.

அந்த அம்மா அவசரப்படாமல்தான் சொன்னார். மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும். கட்டளை வராத தசை சூம்பிப்போகும். சில தசை சொல்லாமலே விறைத்துக்கொள்ளும். தொட்டால் தெரியும், கண் தெரியும், காது கேட்கும், இவர் இவராகவே இருப்பார். அசைவு மட்டும் ஒவ்வோர் இடமாகப் போகும். கால், கை, பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. ஏன் வந்தது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஒரு மாத்திரை இருக்கிறது, அது கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. அக்கா, அப்போ எப்போ குணமாகும் என்று கேட்டாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆகாதும்மா என்றார். எனக்கு அந்த அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. யார் மேலாவது வர வேண்டுமே.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். இன்ஜின் நன்றாக இருக்கிறது, சக்கரம் நன்றாக இருக்கிறது, நடுவில் இருக்கிற கேபிள் இழை இழையாக அறுந்துகொண்டிருக்கிறது. நான் கேபிள் மாற்றாத வண்டி இல்லை. இந்த ஒரு கேபிள் எந்தக் கடையிலும் கிடையாது.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். அக்கா பின்னால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தன் இருக்கையில். மேம்பாலம் வந்ததும் பேசினார்.

"மோட்டார்னாங்களே மாப்ளே, அது நம்ம டிபார்ட்மென்ட்தானே?"

சிரிக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அவர் பின்னால் திரும்பாமலே அக்காவிடம், உனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கப் போறேன் என்றார். அக்கா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அவர் மனதில் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வீடு மேம்பாலத்தைத் தாண்டி, ஊர்க்கோடியில். பஸ் அந்தப் பக்கம் வராது. ஒரே மகள் வெளியூரில் வேலையில் இருக்கிறாள். தான் போன பிறகு, ஒரு மருந்து வாங்க வேண்டும் என்றாலும் அக்கா ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, வருவார்களா வருவார்களா என்று வாசலில் நின்றுகொண்டிருப்பாள். அந்தக் காட்சி அவருக்கு நோயைவிடப் பெரிய வதையாக இருந்தது. ஊருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவளை விட்டுவிட்டேனே என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். கால் ஒத்துழைக்கிற காலத்துக்குள் அவளை ஓட்டவைத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த வேலை.

அக்கா பிடிகொடுக்கவில்லை. முதலில் உடம்பைப் பாருங்கள் என்றாள். உடம்பைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்று அவர் மடக்கினார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீங்க பக்கத்துல உக்காரணும். உங்க கால் பிரேக்ல இருக்கணும். அப்படீன்னாதான் சாவியைத் தொடுவேன்."

சரி என்றார். பழைய கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில் ஆரம்பித்தார்கள். மாமா ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அவள் செடிக்குள் விட்டாலும் பரவாயில்லை என்றார், கியர் கரகரவென்று அலறினாலும் பரவாயில்லை என்றார். அதுதான் அக்காவை உடைத்தது. என்னிடம் வந்து அழுதாள். டாக்டர் சொன்னபோதுகூட நம்பலடா, அவர் கத்தாம உக்காந்திருக்கறதைப் பாத்துதான் நம்பறேன் என்றாள்.

கால் காத்திருக்கவில்லை. கைத்தடி வந்தது, பிறகு சக்கர நாற்காலி வந்தது. வெளி ஆட்களுக்குக் கற்றுக்கொடுப்பதை நிறுத்தினார். காரில் ஏறியதும் அக்காதான் அவர் காலைத் தூக்கி, செருப்பைச் சரிசெய்து, அந்தப் பெடல் மேல் வைப்பாள். தூக்கத்தான் முடியல, அமுக்க வரும் என்று அவர் சொல்லியிருந்தார். பாதி உண்மை. வேண்டும்போது அமுங்காது, விறைப்பு வரும்போது கால் தானாக உதைக்கும். ஒரு நாள் கடைத்தெருவில் அப்படி உதைத்து, நடுரோட்டில் வண்டி தலைகுனிந்து நின்றது. பின்னால் வந்த பஸ் மயிரிழையில் ஒதுங்கிப் போனது. குறுக்கே நாய் வந்ததாக அக்காவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பேச்சு அப்போதே குழற ஆரம்பித்திருந்தது.

"ராடைக் கழட்டிடு மாப்ளே. பெடல் அப்படியே இருக்கட்டும். உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. உங்கள் பக்கத்து பிரேக்கே இல்லாமல் அவளைக் கொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன். அவர் பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இப்போதான்டா கொல்லுவேன். என் கால் என் பேச்சைக் கேக்கல. அவ கால் கேக்குது. ஆனா என் கால் அங்கே இல்லேன்னு தெரிஞ்சா, அவ சாவியைத் தொட மாட்டா."

பட்டறையில் ராடைக் கழற்றினேன். பெடல் தொங்காமல் நிற்க ஒரு ஸ்பிரிங் மட்டும் போட்டேன். என் வாழ்க்கையில் ஒரு வண்டியை வேண்டுமென்றே கெடுத்தது அதுதான். பிறகு பல நாள், ஏதாவது சாக்குச் சொல்லி அவர்களோடு பின்னிருக்கையில் போய் உட்கார்ந்து, ஹேண்ட்பிரேக் பக்கம் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். உனக்குப் பட்டறையில வேலையே இல்லையா என்று அக்கா கேட்டாள். அந்தக் கைக்கு ஒரு நாளும் வேலை வரவில்லை.

லைசென்ஸுக்கான சோதனை அன்று மாமாவின் இருக்கையில் அதிகாரி உட்கார்ந்தார். சார், அந்தப் பெடல்ல கொஞ்சம் காலை வெச்சுக்குங்க என்று அக்கா கேட்டாள். நான் மதில் ஓரத்தில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் பிடிக்கிறது உங்க வேலைம்மா என்று சொல்லி அவர் காலை மடக்கிக்கொண்டார். எந்தப் புண்ணியவானோ. அக்கா பாஸ்.

அதற்குப் பிறகு மாமா வேகமாகக் கரைந்தார். கை போனது. அக்கா ஊட்டிவிட்டாள். தண்ணீர் புரையேறியது, எல்லாவற்றையும் கூழாகக் கரைத்துக் கொடுத்தார்கள். பேச்சு போனது, கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. இந்த நோயில் சிலருக்குச் சிரிப்பும் அழுகையும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஆறுதல் சொல்ல வந்த உறவுக்காரர் ஒருவர் முன்னால் மாமா விழுந்து விழுந்து சிரித்து, அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆளுக்கு அது தேவைதான் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்.

ஆனால் காரில் ஏற்றி உட்காரவைத்தால் மட்டும் கண் பழையபடி ஆகிவிடும். முன்னால் ரோடு, பக்கக் கண்ணாடி, மறுபடி ரோடு. கழுத்து நிற்காது என்று ஒரு பட்டை போட்டிருந்தோம். அக்கா அப்போதும் அவர் காலைத் தூக்கிப் பெடலில் வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாள்.

மூச்சுக்கு முகமூடி இயந்திரம் வந்த சமயம், அதைச் சரிபார்க்க ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் பின்னால், இரண்டு கையாலும் இயந்திரத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிடங்கு ஒன்றின் வாசலிலிருந்து ஒரு லாரி, கை காட்ட ஆள் யாரும் இல்லாமல், பின்பக்கமாக ரோட்டில் இறங்கியது. எனக்குக் கத்தக்கூட வரவில்லை. வண்டி கிறீச்சிட்டு, லாரிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"நீங்கதானே பிடிச்சீங்க?"

மாமா கண்ணை ஒரு தடவை மூடினார். ஆமாமாம். கடைந்தெடுத்த பொய்யர். உடனே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, நிற்காத அந்தச் சிரிப்பு. அக்காவும் சிரித்து, அழுது, அவர் வாயோரம் துடைத்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதே கதைதான். கை கால் விழுந்த மனுஷன், அந்த நேரத்துக்கு எங்கிருந்துதான் பலம் வந்ததோ, எங்களைக் காப்பாற்றிவிட்டார் என்பாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மழை விட்ட ஒரு மத்தியானத்தில் மாமா போய்விட்டார். மகள் வந்திருந்தாள். தூக்கத்திலேயே மூச்சு மெலிந்து நின்றது என்றார்கள். கஷ்டப்படாமல் போனார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு ஒருத்தரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

அக்கா காருக்கு உறை போட்டு மூடிவிட்டாள். நான் அவ்வப்போது போய் உறையை விலக்கி, பேட்டரி சாகாமல் இருக்க ஸ்டார்ட் செய்துவிட்டு வருவேன். அவள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். மருந்துக்கும் மளிகைக்கும் என்னைக் கூப்பிட்டாள். நான் வராவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டாள், அவர்களும் இல்லாவிட்டால் வாசலில் நின்றாள். மாமா எதைப் பார்த்துப் பயந்தாரோ, அது அப்படியே என் கண் முன்னால் நடந்தது. நீயே ஓட்டினால் என்ன என்று கேட்டேன்.

"அவர் கால் அங்கே இருந்துது, ஓட்டினேன். இனிமே யாருடா பிரேக் பிடிக்க?"

வண்டியை விற்றுவிட்டு மகளோடு போய்விடுகிறேன் என்றாள். மகளுடைய நாலாவது மாடி வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளவாம்.

பல நாள் எனக்குள்ளேயே போட்டு மருகினேன். கடைசியாக அவர்தான் எங்களைக் காப்பாற்றினார் என்ற ஒன்றைத்தான் அவள் கையில் பொத்தி வைத்திருக்கிறாள். அதைப் பிடுங்கலாமா? பிடுங்காமல் விட்டால் அவர் பட்ட பாடெல்லாம் வீண். வண்டியைப் பார்க்க ஆள் வரப்போகிறார் என்று அவள் சொன்ன அன்று, பட்டறையில் தொங்கிய ராடை எடுத்துக்கொண்டு போனேன். உறையை உருவி எறிந்தேன். அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, மாமாவின் பக்கத்துக் கதவைத் திறந்து, அந்தப் பெடலை அமுக்கிப் பார் என்றேன்.

குனிந்து கையால் அமுக்கினாள். பெடல் தரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஓட்டுகிற பக்கத்துப் பெடல் அசையவில்லை. நான் ராடை அவள் கண் முன்னால் இருக்கையில் வைத்தேன்.

"எப்போலேர்ந்து?"

"நீ லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடிலேர்ந்து."

"அப்போ அந்த லாரி?"

"நீதான்க்கா."

என் தோளில் ஓங்கி அடித்தாள். இன்னொன்றும் அடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கினீர்களா என்று கத்தினாள். பிறகு கார் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

"ஒண்ணுமே இல்லாம என் பக்கத்துல உக்காந்திருந்தாரேடா. பயப்படவே இல்லையே."

பயந்தாரோ என்னவோ. பயந்திருந்தாலும் காட்டுவதற்கு அவரிடம் ஒரு தசை மிச்சமில்லை.

எவ்வளவு நேரம் கழித்தோ எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு சாவியோடு வந்தாள். மேம்பாலம் வரைக்கும் போய் வருகிறேன் என்றாள். தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, மாமாவின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசல். முன்னால் ஒரு பஸ் நின்றது. பின்னால், கையெட்டும் தூரத்தில், ஒரு வேன் வந்து ஒட்டி நின்றது. பஸ் நகர்ந்தது, மறுபடி நின்றது. அக்கா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

என் கால் என்னைக் கேட்காமல் அந்தப் பெடலை மிதித்தது. நானே கழற்றிய பிரேக் அது, எனக்குத் தெரியாதா? இருந்தாலும் மிதித்தேன். வெறும் ஸ்பிரிங். கால் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, பிடிக்க ஒன்றும் இல்லை. இதன் மேல் காலை வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அத்தனை தடவை போய் வந்திருக்கிறார்.

அக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காலை எடுடா. பயமா இருந்தா எறங்கி நடந்து வா."

காலை எடுத்துக்கொண்டேன். ஹாஃப் கிளட்சில், இம்மியும் பின்னால் உருளாமல், வண்டி ஏற்றத்தில் நின்றுகொண்டிருந்தது.